பூசாரியின் கயிறு உன் கையில்

மகளே,

உன் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்தபோது நான் வயலில் நின்றேன். உன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அதை முந்தானைக்குள் பொதிந்துகொண்டு வரப்பு வழியாகவே வந்துவிட்டாள். சாரல் பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்தது. குடைக்குள் அவளை நிறுத்திக்கொண்டு வாசித்துக் காட்டினேன். கல்யாணமாகிப் போன பெண் எழுதும் முதல் கடிதம். மாமியார் எப்படி, மாப்பிள்ளை எப்படி, ராயகிரித் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று ஏதாவது இருக்கும் என்று பாவம் காத்திருந்தாள். கடிதம் முழுக்கப் பூசாரிதான் இருந்தான். வெளியூர்க்காரன் எவனாவது அதை வாசித்திருந்தால் கோயில் பூசாரிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பான். நெற்றியில் மூன்று வெள்ளைக்கோடு விழுந்திருக்கிறது என்று ஒரு செம்மறிக் குட்டிக்கு நீ அந்தப் பெயரை வைத்தாய், இப்போது கிடாவாகி உன்னோடு புகுந்த வீட்டுக்கும் போய்விட்டான். நிஜப் பூசாரி எனக்கு விபூதி கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் உனக்கு எங்கே தெரியும்?

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். ஆடிக் கோயில் கொடைக்கு மறுநாள் ராயகிரிப் பொட்டலில் நடக்கும் கிடா முட்டில் பூசாரியை இறக்க வேண்டும் என்று உன் மாமனார் சொல்லிவிட்டார். சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு கிடா வருகிறதாம், அதற்கு எதிரே நிறுத்த அந்த ஊரில் வேறு கிடா இல்லையாம். நீ முடியாது என்றாய். மாப்பிள்ளை இரண்டு பக்கமும் பேசாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். உடனே ஆள் அனுப்பிக் கிடாவை அழைத்துக்கொள்ளாவிட்டால் நீயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தென்காசிக்கு நடந்து வந்துவிடுவாய். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: “அப்பா, அவன் முட்டினால் எனக்குத்தான் மண்டை வலிக்கும்.” அந்த வரியை வாசித்ததும் உன் அம்மா அழுதுவிட்டாள். நான் சிரித்தேன். ஆனால் அந்த வரி என்னை இரண்டு நாளாக விடவில்லை.

நான் யார் என்பது உனக்குத் தெரியும். கிடா முட்டு என்றால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுகிறவன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்ட வருஷம், தலை ஆடிக்கு விருந்துக்கு அழைத்த மாமனார் வீட்டுக்குப் போகாமல் என் முட்டுக்கிடா கருவாயனை ஐந்தருவிப் பக்கம் மேய்ச்சலுக்குக் கொண்டுபோனவன். அந்தக் கதையை அவள் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று எனக்கே தெரியாது. இப்படிப்பட்டவனிடம் வந்து கிடாவை முட்ட விடலாமா என்று கேட்கிறாய். வேறு யாராவது கேட்டிருந்தால், மாமனார் சொன்னால் கேள் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் கேட்டது நீ. ஆகையால் நிதானமாக எழுதுகிறேன், நீயும் பொறுமையாக வாசி.

கிடா முட்டின் சத்தத்தைத்தான் நீ கேட்டிருக்கிறாய். சிற்றாற்றுக்கு அக்கரையில் பொட்டல், இக்கரையில் நம் வீடு. பெண்பிள்ளைகள் அங்கே வருவதில்லை. கருங்கல்லை உயரத்திலிருந்து போட்டது மாதிரி ஒரு சத்தம் வரும், நீ காதைப் பொத்திக்கொள்வாய். அந்தச் சத்தத்துக்கு முன்னால் நடப்பதை நீ பார்த்ததில்லை. நான் பார்ப்பது அதற்காகத்தான். இரண்டு கிடாக்களையும் நேருக்கு நேர் நிறுத்திக் கயிற்றை அவிழ்த்துவிடுவோம். உடனே முட்டாது. ஒன்றை ஒன்று மோந்து பார்க்கும். பிறகு இரண்டும் முகத்தைத் திருப்பாமல் பின்னாலேயே நடக்கும். அடிமேல் அடி வைத்து, கோயிலுக்குள்ளிருந்து சாமிக்கு முதுகு காட்டாமல் வெளியே வருகிற பெரியவர்கள் மாதிரி. ஓரிடம் வந்ததும் நிற்கும். அங்கேதான் நிற்க வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது? ஒரு கிடா முந்தி நின்றுவிட்டால் மற்றது நிற்கிறவரைக்கும் காத்திருக்கும். எதிரி வேறு பக்கம் பார்த்தால் பாயாது. ஆயிரம் பேர் நிற்கிற பொட்டலில் அப்போது ஒருத்தன் இருமமாட்டான். பிறகு இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பும். நடுவில் முன்னங்கால் இரண்டும் மண்ணை விட்டு எழும்பும். அந்த ஒரு நொடி, அத்தனை கனமான உடம்பு ஆகாயத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு இத்தனை வயதாகிவிட்டது, இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. குற்றாலத்துப் பேரருவி பொங்கிப் பாறையை மறைத்துக்கொண்டு விழுகிற நாளில் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாயே, பேச்சு வராமல் நிற்பாயே, அந்தப் பயமும் சந்தோஷமும்தான் இது. எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

அதை விட்டுவிட வேண்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கிற வாத்தியார், வாயில்லாப் பிராணியை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது காட்டுமிராண்டித்தனம் என்கிறார். எதிர்த்த வீட்டுக்காரர் முன்னோர்கள் செய்ததை விடக்கூடாது என்கிறார். இரண்டு பேரும் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள், முட்டிக்கொள்ளாத குறைதான். முன்னோர் செய்தார்கள் என்பதற்காக ஒன்றைக் காப்பாற்றுவதென்றால் நான் இன்னும் குடுமி வைத்துக்கொண்டு அலைய வேண்டும். வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “பூசாரியோட கூடப்பொறந்த குட்டிக எங்க சார் இருக்கு?” என்றேன். அவருக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். ஒன்று கொடையில் வெட்டப்பட்டது, இன்னொன்றைக் கடையநல்லூர்ச் சந்தையில் விற்றேன். முட்டுக்கிடா என்று ஒன்றை ஒதுக்கி வைத்ததால்தான் பூசாரி வளர்ந்தான், கொள்ளும் பருத்திக்கொட்டையும் தின்றான், ஆற்றில் நீந்தினான், கொம்புக்கு எண்ணெய் கண்டான். இந்த ஆட்டம் இல்லாமல் போனால் இப்படி ஒரு கிடாவை எவனும் வளர்க்கமாட்டான். இதை நான் வாத்தியாரிடம் சொன்னேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு, அந்த நியாயம் எனக்குச் சாதகமானதா, கிடாவுக்குச் சாதகமானதா என்று யோசனையாக இருக்கிறது.

உனக்கும் உன் மாமனாருக்கும் நடுவில் இந்தப் பிரச்சினை வந்தது எனக்கு ஒரு வகையில் சிரிப்பாகவும் இருக்கிறது. நீ அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனதே இரண்டு கிடாக்கள் முட்டாமல் போனதால்தானே. அப்போது நீ சின்னப்பிள்ளை, அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். ஆனி முடிகிற சமயம். நம்ம கருவாயனுக்கு எதிராகத் தன் கிடா கூழைக்காதனை ராயகிரியிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு உன் மாமனார் முதல்நாள் சாயங்காலமே வந்துவிட்டார். அதற்கு முன்னால் அவரை நான் பார்த்ததுகூட இல்லை. சாரல் என்றால் அப்படி ஒரு சாரல், சிற்றாறு செக்கச்செவேலென்று போகிறது. மொட்டைக் கோபுரத்துப் பக்கம் அவர் தங்க நினைத்த சத்திரம் ஒழுகுகிறது. வந்த மனிதனை நனைய விடலாமா? வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மனிதருக்கு இடம் இருந்தது. கிடாவுக்குத்தான் இடமில்லை, தொழுவத்தில் முழங்கால் அளவு தண்ணீர். விறகு அறை ஒன்றுதான் காய்ந்து கிடந்தது, அதில் ஏற்கெனவே கருவாயன் நின்றான்.

“அண்ணாச்சி, ரெண்டையும் ஒண்ணா அடைச்சா அடிச்சுக்கிடாதா?” என்று அவர் கேட்டார்.

“எங்கன அடிக்கும்? பின்னால போக எடம் வேணும்லா. இதுல திரும்பக்கூட முடியாது” என்றேன். பெரிய கெட்டிக்காரன் மாதிரி சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். ஓடிவர இடம் இல்லாவிட்டால் கிடா முட்டாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒன்று இருப்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. பொட்டல் நிறைய ஜனம். செங்கோட்டையிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. கயிற்றை அவிழ்த்தோம். கருவாயன் கூழைக்காதனை மோந்து பார்த்தான். கூழைக்காதன் கருவாயனை மோந்து பார்த்தான். ஓர் இரவு ஒட்டி நின்றதில் இரண்டின் வாசனையும் ஒன்றாகிப் போயிருந்தது. எதிரி எங்கே என்று தேடுகிற மாதிரி இரண்டும் கூட்டத்தைப் பார்த்தன. பிறகு கருவாயன் தன் தலையைக் கூழைக்காதன் முதுகில் சாய்த்துக்கொண்டு அசைபோட ஆரம்பித்துவிட்டான். நான் கத்தினேன். உன் மாமனார் தரையில் தடியால் அடித்தார். கூட்டம் கூச்சல் போட்டது. ஒருத்தன், “ஏலே, ரெண்டுக்கும் தாலி கட்டி வையிங்கலே!” என்றான். எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. உன் மாமனாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு இருக்கிறது. சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டோம். அவர் ஊருக்குப் புறப்படும்போது வண்டியில் ஏறிக்கொண்டே, “ஒம்ம வீட்டுல ஒரு ராத்திரி இருந்தா கிடாவுக்கே சண்டை மறந்து போகுது. எம்மவன் பெரியவனானதும் இங்கன வந்துதான் பொண்ணு கேப்பேன்” என்றார். கேலிக்குச் சொன்ன சொல்லை அந்த மனிதன் காப்பாற்றினார்.

இன்னொரு நாளும் உண்டு, அதை உனக்கு நான் சொன்னதில்லை. இரண்டு வருஷம் கழித்து, அதே பொட்டல். கருவாயனுக்கு எதிரே மேற்கேயிருந்து ஒரு கிடா வந்தது, கருப்புக் கிடா, அவ்வளவு அழகு. அதை வளர்த்தவர் இறந்துபோய், அந்த வீட்டார் விற்றதை வாங்கின ஒருவன் கொண்டுவந்திருந்தான். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வளர்த்த கைதான் கிடாவைப் பொட்டலுக்குள் இறக்க வேண்டும். தீனி போட்டவன் எவனோ அவன் பிடிக்கிற கயிறுதான் கயிறு. அவன் துண்டை நடுவில் எறிந்தால் அந்த நிமிஷமே ஆட்டம் நின்றுவிடும், யாரும் கேள்வி கேட்கக்கூடாது. அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்கள், தூரத்திலிருந்து வந்திருக்கிறான், விட்டுவிடலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன், கிடாவின் அழகில் மயங்கி நின்றேன். அது முட்டிக்கொண்டே இருந்தது. கருவாயன் களைத்துவிட்டான், அது களைக்கவில்லை. கிட்டே வந்தபோதுதான் அதன் வாயில் சாராய வாடை அடித்தது. அதன் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை. அது கிடாவின் கண்ணாகவே இல்லை. நான் என் துண்டை எறிந்துவிட்டேன். ஆனால் அதற்குள் இரண்டும் கிளம்பிவிட்டன.

அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கருப்புக் கிடா நின்றபடி நின்றது, முன்னங்கால் மடிந்தது, கத்தாமல் சாய்ந்துவிட்டது. கருவாயன் அதன் பக்கத்தில் போய் மோந்து பார்த்தான். ஒரு தடவை முன்காலால் மண்ணைத் தட்டினான், எழுந்திரு என்று சொல்வது போல. அதை வாங்கி வந்தவன் அதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டான். அன்றைக்கு வந்திருந்த உன் மாமனாரும் நானும்தான் ஆற்றங்கரையில் அதைப் புதைத்தோம். வளர்த்த கை அங்கே இருந்திருந்தால் அதன் கண்ணைப் பார்த்த மாத்திரத்தில் துண்டு விழுந்திருக்கும். எந்நாளும் தீனி போட்டவனுக்குத்தான் அந்தக் கண் எப்போது சரியில்லை என்று தெரியும். அதற்கப்புறம் நம் பொட்டலில் அந்த வழக்கத்தை எவனுக்காகவும் தளர்த்தவில்லை. இந்த ஆட்டத்தில் காப்பாற்ற வேண்டியது ஒன்று உண்டென்றால் அது அந்தக் கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது இல்லாமல் ஆட்டம் நடக்கும் என்றால், அந்த ஆட்டம் ஒழிந்துபோனால்கூட எனக்கு வருத்தமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பூசாரியை வளர்த்தது யார்? தாய் ஆடு செத்துப்போன அன்றைக்குத் துணியை வெள்ளாட்டுப் பாலில் முக்கிச் சப்பக் கொடுத்தது நீ. பள்ளிக்கூடத்து வாசல்வரைக்கும் அவன் உன் பின்னால் வந்தான். வாய்க்காலில் நீ இறங்கினால்தான் அவனும் இறங்குவான். நான் கொள்ளு வைத்தால் உன்னைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பான். கல்யாண வண்டிக்குப் பின்னால் அவன் கயிறு இல்லாமலே நடந்து வந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. அப்படியென்றால் வளர்த்த கை உன் கைதான் அம்மா. அந்தக் கை ஆம்பிளைக் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் வழக்கத்தில் யாரும் சொல்லி வைக்கவில்லை. இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதை உன் மாமனாரிடமே சொல்லிவிட்டேன். நேற்று கரி எரித்து ஓட்டுகிற கரிப்புகை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் அது நின்று, மீதியை நடந்து, புளியங்குடிச் சந்தையில் அவரைப் பிடித்தேன். உன்னை வந்து பார்க்காமல் திரும்பினதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பார்த்தால் நீ அழுவாய், நான் கிடாவை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயந்தேன்.

“நம்ம வீட்டுக்கு வந்த கிடா நம்ம கிடாதானே அண்ணாச்சி?” என்றார்.

“கிடா ஒம்ம வீட்டுக் கிடாதான், நான் இல்லைங்கல. கயிறு யாரு கையில? நீரே சொல்லும்” என்றேன்.

அவர் வெற்றிலையை எடுத்து மடித்தார். “பொம்பளப்பிள்ள பொட்டல்ல எறங்குனா ஊரு என்ன சொல்லும்?”

“ரெண்டு கிடாவுக்கும் தாலி கட்டச் சொன்ன ஊருதானே. நாம கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்.”

அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தச் சிவகிரிக் கிடாவின் முன்னால் ஊர் மானம் நிற்கிறது. அதையும் நீ லேசாக நினைக்கக்கூடாது. கடைசியில் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, “சரி. கருப்புக் கிடாவ நாமதான் பொதச்சோம், நான் மறக்கல. அவ புடிச்சா கிடா எறங்கட்டும். அவ வேண்டாம்னா கொட்டில்லயே நிக்கட்டும். எம்மருமவள ஒருத்தன் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன்” என்றார். அந்த மனிதனை நான் இன்றைக்கு மறுபடியும் மதிக்கிறேன். அவரிடம் நீ மரியாதையாகப் பேச வேண்டும், சொல்லிவிட்டேன்.

ஆகையால் கிடாவை அழைத்துவர நான் ஆள் அனுப்பவில்லை. முட்ட விடு என்றும் சொல்லவில்லை. கயிற்றைப் பிடிப்பதும் விடுவதும் உன்னைச் சேர்ந்தது. பிடித்தால் தலையை நிமிர்த்திக்கொண்டு பொட்டலுக்குள் போ. கிடாவுக்கு வெறியேற்றச் சாராயம், மிளகாய் என்று எவனாவது கிட்டே வந்தால் கையை ஒடித்துவிடு. அவன் பின்னால் நடப்பான், நிற்பான். அதை நீ ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தால் உன் அப்பன் ஏன் பைத்தியமானான் என்று உனக்குப் புரிந்தாலும் புரியும். புரியாவிட்டால் உடனே துண்டை எறி. பிடிக்கவில்லை என்றால், எல்லார் முன்னாலும் ‘என் கிடா முட்டாது’ என்று வாய் திறந்து சொல். இருட்டில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தென்காசிக்கு ஓடிவராதே. ஓடிவந்தால் அடுத்த கிடாவுக்காகப் பேச அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

எனக்கு என்ன ஆசை என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் எதற்கு ஒளிவு. பூசாரி முன்னங்காலைத் தூக்குவதைப் பார்க்க வேண்டும். கருவாயனின் பேரன் அவன். நீ வேண்டாம் என்று சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும், ரொம்பவும் வருத்தமாக இருக்கும், நாலு நாள் சோறு இறங்காது. அந்த வருத்தம் என்னோடு போகட்டும், அதை நீ சுமக்க வேண்டியதில்லை. உன் அம்மா அதிரசம் சுட்டுக் கொடுக்கிறேன் என்கிறாள், அவளும் வருவாள். அன்றைக்கு நாங்கள் கூட்டத்தோடு கூட்டமாக ஓரமாக நிற்போம். நீ தேடினால் என் முகம் கண்ணில் படும், அதில் என் ஆசை அப்படியே எழுதி ஒட்டியிருக்கும், எனக்கு மறைக்கத் தெரியாது. அதனால் என்னைப் பார்க்காதே, மகளே. அவன் கண்ணைப் பார்த்துவிட்டு முடிவு சொல்.

அப்பா